பலூனில் நின்ற கதை

கோவையில் ஒரு தனியார் பள்ளியில் பதினெட்டு வருடம் நூலகராக இருந்தேன். புத்தகம் இஷ்யூ பண்ணுவது அதில் பாதி வேலைதான். எந்த டீச்சர் லீவு போட்டாலும் அந்த வகுப்பு லைப்ரரிக்கு வந்துவிடும். முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளி மூடும்வரை கேட்கவே வேண்டாம். அப்படித்தான் 2009 ஏப்ரலில் ஏழாம் வகுப்பின் இரண்டு செக்‌ஷனையும் ஒன்றாக உட்காரவைத்து, ஏதாவது படம் போடச் சொன்னார்கள்.

நான் ‘எரகன்’ போட்டேன். அந்தப் படத்தின் மூல நாவலுக்கு எங்கள் லைப்ரரியில் அப்படி ஒரு கிராக்கி. தேதி குத்தும் சீட்டு நிரம்பி, அதன்மேல் இன்னொன்று ஒட்டி, அதுவும் நிரம்பியிருந்தது. கிறிஸ்டோபர் பாவோலினி அதை எழுத ஆரம்பித்தபோது அவருக்கு 15 வயதுதான் என்று ஒருமுறை சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து இரண்டு பையன்கள் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் டிராகன் கதை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நாவலில் ஒரு டிராகன் முட்டையை உடைத்துக்கொண்டு வருகிறது. எரகன் என்ற பையன் அதைக் காட்டுக்குள் ஒளித்துவைத்து, வீட்டுக்குத் தெரியாமல் இறைச்சி கொண்டுபோய்க் கொடுத்து வளர்க்கிறான். மாதங்கள் போகின்றன. ஒருநாள் அவன் மனதுக்குள் அது முதல்முறையாகப் பேசுகிறது. சொல்வது அவன் பெயரை. படத்தில் இவ்வளவுக்கும் நேரமில்லை. குட்டி டிராகன் மேலே பறக்கிறது, மேகத்துக்குள் ஏதோ மின்னுகிறது, இறங்கும்போது முழு ஆள்! பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “மிஸ், காம்ப்ளான் குடிச்சிருச்சு!” ஹாலே சிரித்தது, நானும்தான்.

ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் புத்தகத்தை நான்கு தடவை எடுத்தவன். நாற்காலிகளை அடுக்கும்போது என் பக்கத்தில் வந்து, “அது குட்டியா இருந்தப்ப அவன்தானே மிஸ் பாத்துக்கிட்டான், அதைக் காட்டவே இல்லையே” என்றான். அந்தப் படத்தை இயக்கியவர் அதற்குமுன் விஷுவல் எஃபெக்ட்ஸ் துறையில் இருந்தவர். இயக்குநராக அதுதான் முதல் படம். டிராகனைக் குறை சொல்ல முடியாது, நன்றாகவே இருந்தது. ஆனால் அந்தப் பையன் கேட்டது டிராகனை இல்லை, அதோடு சும்மா உட்கார்ந்திருந்த நாட்களை.

அதற்கப்புறம் படம் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் புத்தகத்தைத் திருப்பித் தரும்போது என்ன சொல்கிறார்கள் என்று ஒரு டைரியில் குறித்துவைக்க ஆரம்பித்தேன். ‘அந்த சீனைக் காணோம், இந்த ஆளைக் காணோம்’ என்ற புகார்தான் அதிகம் வரும் என்று நினைத்திருந்தேன். அது குறைவுதான். 2010இல் பெர்சி ஜாக்சன் படம் வந்தபோது எல்லார் வாயிலும் ஒரே புகார்: “அவன் பெரிய பையன் மிஸ்.” நாவலில் பெர்சிக்கு 12 வயது. அவனுக்கு 16 ஆகும்போது என்ன நடக்கும் என்று ஒரு ஆரூடம் உண்டு. ஐந்து புத்தகங்களும் அந்தப் பிறந்தநாளை நோக்கித்தான் நகர்கின்றன. படத்தில் முதல் நாளே அவனை அந்த வயதுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் எதற்காகக் காத்திருப்பது? வயதைக் கூட்டாதீர்கள் என்று அந்த நாவல்களை எழுதிய ரிக் ரயர்டன் தயாரிப்பாளர்களுக்கு எழுதிய கடிதங்களைப் பின்னாளில் அவரே வெளியிட்டார். படித்தபோது எங்கள் ஆறாம் வகுப்பின் குரல் போலவே இருந்தது.

2020 ஜூனில் பள்ளி பூட்டிக் கிடந்த சமயம், ‘ஆர்ட்டெமிஸ் ஃபவுல்’ படத்தைப் பார்த்த ஒரு பழைய மாணவி வாட்ஸாப்பில் எழுதியிருந்தாள்: “ஆர்ட்டெமிஸ் ஃபவுலை நல்ல பையனாக்கிட்டாங்க மிஸ்!” நாவலில் அவன் தங்கத்துக்காக ஒரு தேவதையைக் கடத்திவைக்கும் 12 வயதுக் கில்லாடி. பிள்ளைகளுக்கு அவனைப் பிடித்ததே அதனால்தான்.

இதையெல்லாம் கொஞ்சம் இளக்காரமாகத்தான் குறித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அதே டைரியில் என்னைப் பற்றியும் ஒரு பக்கம் இருக்கிறது.

2010இல் ஆறாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் கதை சொல்வேன். அந்தத் தடவை எடுத்தது பிலிப் புல்மனின் ‘நார்தர்ன் லைட்ஸ்’, 1995இல் வந்த நாவல். அந்த உலகத்தில் மனிதர்களின் ஆன்மா டீமன் என்ற விலங்கு வடிவில் உடலுக்கு வெளியே, கூடவே இருக்கும். லைரா என்ற பெண், கடத்தப்பட்ட நண்பன் ராஜரைத் தேடி வடக்கே போகிறாள். ஐந்து வாரம் சொன்னேன். கடைசி வாரம் முடிவு வந்தது. லைரா யாரைக் காப்பாற்ற அவ்வளவு தூரம் வந்தாளோ, அவனைத் தன் கையாலேயே தன் தகப்பனிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறாள். வேறோர் உலகத்துக்கு வழி திறக்க, அந்த மனிதன் ராஜரை அவனுடைய டீமனிடமிருந்து பிரித்துவிடுகிறான். ராஜர் செத்துப்போகிறான்.

எதிரே பார்த்தேன். பதினோரு வயதுப் பிள்ளைகள், பையை மடியில் வைத்துக்கொண்டு வேன் ஏறத் தயாராக இருந்தார்கள். “எல்லாரும் பலூன்ல ஏறி வடக்கே போனாங்க” என்று முடித்துவிட்டேன். கைதட்டினார்கள்.

பத்து நாள் கழித்து, அந்தப் புத்தகத்தைத் தானே எடுத்துப் படித்த ஒருத்தி என் மேசை முன்னால் வந்து நின்றாள்.

“மிஸ், நீங்க முடிச்ச இடத்துல கதை முடியல.”

“தெரியும்மா.”

“ராஜர் செத்துட்டான்.”

“தெரியும்.”

“அப்ப ஏன் சொல்லல?”

பெல் அடித்துவிட்டது என்றேன். “அடுத்த வெள்ளிக்கிழமையும் பீரியட் இருந்துச்சே மிஸ்” என்று சொல்லிவிட்டு, புத்தகத்தை வைத்துவிட்டுப் போனாள்.

அந்த வருடம்தான் டிவியில் ‘தி கோல்டன் காம்பஸ்’ பார்த்தேன். அந்த நாவலை வைத்து 2007இல் எடுத்த படம். கடைசிக் காட்சியில் எல்லாரும் நம்பிக்கையோடு ஆகாயத்தில் பறந்து போகிறார்கள், படம் முடிந்துவிட்டது. நான் நிறுத்திய அதே இடம்! சுமார் 18 கோடி டாலர் செலவழித்த ஸ்டுடியோவும் பதினோரு வயதுப் பிள்ளைகளைப் பார்த்து என்னைப் போலவே பயந்திருக்கிறது. அந்த முடிவைப் படமும் பிடித்திருந்தார்களாம். இரண்டாம் படத்தின் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று வெட்டிவிட்டார்கள். உலகம் முழுக்க 37 கோடி டாலர் வசூலானாலும் அமெரிக்காவில் கிடைத்தது 7 கோடிதான். வெளிநாட்டு உரிமைகளை முன்கூட்டியே விற்றிருந்ததால் வெளி வசூலால் அவர்களுக்குப் பெரிய லாபமில்லை. இரண்டாம் படம் வரவே இல்லை, ராஜரின் சாவும் திரைக்கு வரவில்லை. பிறகு 2019இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர்தான் அதைக் காட்டியது.

இது பழைய வழக்கம்தான் போலிருக்கிறது. மிகாயேல் எண்டேயின் ‘முடிவில்லாத கதை’யை 1984இல் படமாக்கியபோதும் பாதிப் புத்தகத்தோடு, மகிழ்ச்சியான இடத்தில், நிறுத்திக்கொண்டார்கள். மீதிப் பாதியில் கதையின் நாயகனான பையன் ஒவ்வோர் ஆசை நிறைவேறும்போதும் தன் நினைவுகளில் ஒன்றை இழக்கிறான். கர்வியாகவும் கொடியவனாகவும் மாறுகிறான். எண்டே வழக்குப் போட்டுத் தோற்றார். நான் எண்டே பக்கம்தான். ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் இயக்குநர் யாரையும் முன்போல வாய்நிறையத் திட்ட வரவில்லை.

அடுத்த வருட ஆறாம் வகுப்புக்கு முழுக் கதையையும் சொன்னேன். முடித்ததும் ஒருவரும் பேசவில்லை. பெல் அடித்தும் எழுந்திருக்கவில்லை. வேன் டிரைவர் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான்:

“லைரா அந்த உலகத்துக்குத் தனியாவா போனா மிஸ்?”

“இல்லப்பா, அவளோட டீமன் கூட இருக்கு.”

“சரி” என்று பையைத் தூக்கி மாட்டிக்கொண்டான்.