வெள்ளமா, வெள்ளம்

"உங்கப்பா டேட்டா பாயிண்ட் இல்லம்மா."

இதைத்தான் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னதாகத்தான் இத்தனை நாளும் என்னை நானே சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். ஆனால் அப்போது காதில் ஹெட்போன், கண் திரையில். சிரித்திருக்க வழியில்லை.

ஐப்பசி அடைமழை, ராத்திரி ஷிப்ட், மணி ஒன்பதரை இருக்கும். சமூக ஊடகத்திலும் டிவியிலும் எந்தச் சொல் திடீரென்று அதிகமாக வருகிறது என்று எண்ணிப் பார்த்துக் கிளையன்ட்களுக்கு அலர்ட் அனுப்புவது எங்கள் வேலை. டேஷ்போர்டில் 'வைகை' ஏறிக்கொண்டிருந்தது. இந்தச் சொல்லோடு மாரடித்தவர்களுக்குத் தெரியும், அது சும்மா கிடக்கிற சொல் இல்லை. ரயில் தாமதமானால் ஏறும் (வைகை எக்ஸ்பிரஸ் 1977இலிருந்து ஓடுகிறது, அதைத் திட்டுகிற ஆட்களுக்கும் குறைவில்லை). சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது ஏறும். அதனால் வெறும் சொல்லை எண்ணிப் பிரயோஜனமில்லை, கூட என்னென்ன சொல் வருகிறது, போன வாரங்களில் இதே நேரத்தில் எவ்வளவு வந்தது என்று ஒப்பிட்டுத்தான் எதையும் சொல்ல முடியும். அன்றைக்குக் கூட வந்தவை 'வெள்ளம்', 'அணை', 'யானைக்கல்' (மதுரைக்குள் ஆற்றைக் கடக்கிற இடம்). வைகை அணை வேறு அன்று பகலில்தான் 66 அடியைத் தொட்டு முதல் எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். மொத்தம் 71 அடி. 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது எச்சரிக்கை, அதற்கப்புறம்தான் திறப்பு என்பது ஆற்றோர ஊர்க்காரர்களுக்கு மனப்பாடம். எனக்கும் தெரியும். தெரிந்துதான் மஞ்சள் அலர்ட் அனுப்பினேன். அது தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், மஞ்சள் என்றால் 'ஏதோ பேசிக்கொள்கிறார்கள், பாருங்கள்' என்பதற்கு மேல் அர்த்தம் கிடையாது.

எல்லாருக்கும் சுற்றிக்கொண்டிருந்தது ஒரே வீடியோ. யானைக்கல் தரைப்பாலத்தை மூழ்கடித்துக்கொண்டு செம்மண் நிறத்தில் தண்ணீர் போகிறது, யாரோ ஒருவர் பின்னாலிருந்து "தெறந்துட்டாய்ங்கடா, தெறந்துட்டாய்ங்க" என்று கத்துகிறார். (பேச்சைக் கேட்டு எழுத்தாக்குகிற எங்கள் மாடல் இந்த 'ஆய்ங்க'வை ஒரு நாளும் ஒழுங்காகப் பிடித்ததில்லை. மதுரைக்காரர்கள் உட்கார்ந்து செய்த சாமான், மதுரைத் தமிழ் மட்டும் வராது.)

பக்கத்து சீட்டில் இருந்த பெண், வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம் ஆகியிருந்தது, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணே, இதுல கரைச் சுவரக் காணோம்."

ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் ஆற்றின் இரண்டு கரையிலும் சுவர் எழுப்பிச் சாலை போட்டார்களே, அந்தச் சுவர். வீடியோவில் கரை சரிந்து புதராகக் கிடந்தது. அப்படியென்றால் பழைய வீடியோ. அவள் அதோடு விடவில்லை. ஊர் சோழவந்தான். வீட்டுக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு வந்து, "எங்கப்பா ஆத்துக்குப் போயி டார்ச் அடிச்சுப் பாத்துட்டாருண்ணே. முழங்காலுக்குத்தான் தண்ணி ஓடுதாம். மேல இருந்து வந்தா எங்க ஊரத் தாண்டித்தான இங்க வரணும்?" என்றாள்.

அப்போது பார்த்துத் திரையில் கட்டம் சிவப்புக்கு மாறியது. எங்கள் விதி இது: சமூக ஊடகத்தில் மட்டும் ஏறினால் மஞ்சள், டிவியிலும் வந்தால் சிவப்பு. சமூக ஊடகத்தில் எவன் வேண்டுமானாலும் எதையும் போடுவான், ஆனால் டிவி என்றால் அங்கே ஆசிரியர் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார், தாலுகா ஆபீசுக்கு ஒரு போனாவது போட்டிருப்பார். இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம். மோசமான விதி இல்லை. அதை எழுதிய மூன்று பேரில் நானும் ஒருவன்.

"உங்கப்பா டேட்டா பாயிண்ட் இல்லம்மா. இங்க டிவிலயே வந்திருச்சு பாரு."

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கேட்டாள்: "அந்த டிவி நம்ம கிளையன்ட்தானண்ணே? நம்ம மஞ்சளப் பாத்துப் போட்டிருந்தா?"

சிவப்பை அனுப்பினேன்.

கேள்வி புரியாமல் அனுப்பவில்லை, அதுதான் உறுத்துகிறது. புரிந்தது. சரிபார்க்கப் பத்து நிமிஷம் ஆகும், அதற்குள் வேறு கம்பெனி அனுப்பிவிடும், ஒருவேளை நிஜமாகவே தண்ணீர் வந்தால் தாமதத்துக்கு யார் பதில் சொல்வது, இப்படி மூன்று நியாயம் அந்த நொடியிலேயே கைவசம் இருந்தது. மூன்றும் இன்றைக்கும் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அவளுக்குப் பதில் சொல்லாமல் பொத்தானை அழுத்தினேனே, அதற்கு இந்த மூன்றில் எது காரணம் என்று யோசித்தால் ஒன்றுமே பொருந்தவில்லை. நாலு மாசப் பிள்ளை நம் விதியில் ஓட்டையைக் காட்டுகிறதே என்ற கடுப்புதான் பொருந்துகிறது.

மறுநாள் பதிவைத் தோண்டினேன். டிவியில் ஓடிய ஸ்க்ரோல் இது: 'வைகையில் வெள்ளமா? கரையோர மக்கள் அச்சம்'. ஸ்க்ரோலைப் படமெடுத்து எழுத்தாக்குகிற இடத்தில் கேள்விக்குறி குப்பை என்று போய்விடும். அது போனாலும் 'வெள்ளமா' என்ற சொல்லிலேயே சந்தேகம் இருக்கிறதே? அதையும் வெட்டியாயிற்று. ஒரே சொல் பத்து உருவத்தில் வந்தால் எண்ண முடியாதென்று விகுதிகளை நறுக்கி வேர்ச்சொல்லாக்குவோம். வெள்ளத்தில், வெள்ளத்தால், வெள்ளமும், வெள்ளமா, வெள்ளமாம், எல்லாம் 'வெள்ளம்'. காலை எடுத்துவிட்டுப் புள்ளி வைத்தால் முடிந்தது. சேனல்காரர் ஒரு துணைக்காலில் தன் சந்தேகத்தை வைத்திருந்தார், நான் எழுதின நாலு வரி அதை வழித்துப் போட்டுவிட்டு 'டிவி உறுதி செய்தது' என்று என்னிடமே கொண்டுவந்து காட்டியது. சேனலுக்கு அந்தச் சந்தேகம் வந்ததே எங்கள் மஞ்சளைப் பார்த்துத்தான் என்று பிற்பாடு அவர்களே சொன்னார்கள். நன்றி சொல்லும்போது சொன்னார்கள்.

2010இல் டோக்கியோவில் ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். நிலநடுக்கம் வந்தவுடன் மக்கள் ட்விட்டரில் எழுதுவதை வைத்து அது எங்கே நடந்தது என்று கண்டுபிடிப்பது. ஒவ்வொரு ஆளும் ஒரு சென்சார் என்பது அதன் அடிப்படை. எங்கள் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் பாடம் எடுப்பேன், அவளுக்கும் எடுத்தேன். நிலம் ஆடினால் ஆடுகிறவனுக்குத் தெரியும். அன்று ராத்திரி எங்களுக்கு வந்த ஆயிரக்கணக்கான சென்சாரில் ஆற்றைப் பார்த்தவர் எத்தனை பேர்? போனைப் பார்த்தவர்கள் போனைப் பார்த்தவர்களுக்குச் சொன்னார்கள். கரையில் நின்றது ஒரே ஒரு ஆள், டார்ச்சோடு. அவரைத்தான் டேட்டா பாயிண்ட் இல்லை என்றேன்.

கூகுளே இதில் அடி வாங்கியிருக்கிறது. காய்ச்சலைப் பற்றி மக்கள் தேடுவதை வைத்து ஃப்ளூ பரவலைக் கணிக்கிறேன் என்று 2008இல் ஆரம்பித்தார்கள். 2012-13 குளிர்காலத்தில் கணிப்பு நிஜத்தைப் போல இரண்டு மடங்கு போய்விட்டது, 2015இல் நிறுத்திக்கொண்டார்கள். செய்தியில் ஃப்ளூ ஃப்ளூ என்று போட்டதால் காய்ச்சலே இல்லாதவர்களும் தேடியிருப்பார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. அவர்களுக்கே அப்படியென்றால் நாம் எம்மாத்திரம் என்று ஒரு வாரம் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆறுதலாக இருந்தது. அவ்வளவுதான் அதன் உபயோகம்.

அன்று ஷிப்ட் முடிந்து யானைக்கல் வழியாகத்தான் வண்டியில் போனேன். மணி பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். பாலத்துக் கைப்பிடிச் சுவர் நெடுக ஆட்கள், போன் வெளிச்சத்தைக் கீழே அடித்து வெள்ளத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கீழே ஆகாயத்தாமரைக்கு நடுவே ஓடை மாதிரி தண்ணீர். இறக்கத்தில் மூடியிருந்த ஒரு கடை வாசலில் வயதான அம்மா ஒருவர் இட்லிக் கொப்பரை, ஒரு அரிசி மூட்டை, ஒரு ஆடு எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டுக்குச் சாக்கு போர்த்தியிருந்தது, அவர் தலையில் ஒன்றுமில்லை.

"தம்பி, தண்ணி வருதாமில்ல?"

"ஆமா பாட்டி, வருதாம்."

வருதாம்! நான் சொல்கிறேன் இதை. அனுப்பியவனே நான். 'வரலை பாட்டி, வீட்டுக்குப் போங்க' என்று சொல்லியிருக்கலாம், ஆனால் அப்படிச் சொல்லி அவர் போய்ப் படுத்து, நிஜமாக வந்துவிட்டால்? அந்த 'ஆம்' ஒரு நல்ல குடை, அதற்குள் ஒதுங்கிக்கொண்டேன். எங்கள் கோட் அதையும் வெட்டிவிட்டு என்னை இன்னொரு சாட்சியாகச் சேர்த்திருக்கும்.

நாலாம் நாள் அணை 69ஐத் தாண்டித் திறந்தார்கள், தரைப்பாலம் மூழ்கியது. மாசக் கூட்டத்தில் இது எங்கள் சாதனையாக வந்தது: 'நான்கு நாட்களுக்கு முன்பே கண்டறிந்தோம்'. ஸ்லைடில் என் பெயர். கை தட்டினார்கள். அந்தப் பெண்ணும் தட்டினாள், என்னைப் பார்க்காமல். நான் எழுந்து நடந்ததைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், 'சரி, எச்சரிக்கையாக இருந்ததில் யாருக்கு நஷ்டம்?' என்றுதான் கேட்டிருப்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பாட்டி நனைந்தார், ஆடு நனையவில்லை. ஆனால் நாலாம் நாள் நிஜ எச்சரிக்கை வந்தபோது அவர் எழுந்து வந்தாரா என்பதை நான் போய்ப் பார்க்கவில்லை.

சரி செய்யப் பார்க்காமலில்லை. நம் அலர்ட் வாங்குகிற சேனல்களை உறுதிப்படுத்தும் கணக்கிலிருந்து நீக்கினேன். நீக்கினால் பெயர் சொல்லும்படி ஒரு சேனலும் மிஞ்சவில்லை, சிவப்பே வரவில்லை, இரண்டு வாரத்தில் அந்த விதியைத் தூக்கிவிட்டார்கள். விகுதியில் கை வைத்தேன்: 'ஆ', 'ஆம்' வந்தால் சந்தேகம் என்று குறி. சினிமா, திருவிழா, நிலா எல்லாம் சந்தேகமாகிவிட்டன. 'இரண்டாம்', 'போகலாம்' எல்லாம் வதந்தி. விதிவிலக்குப் பட்டியல் போட ஆரம்பித்து முந்நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். அது இன்னும் பாதியில் கிடக்கிறது.

அவள் ஆறு மாசத்தில் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். போகும்போது அப்பா நம்பரை வாங்கிக்கொண்டேன், ஏன் என்று கேட்காமல் கொடுத்தாள். மழை என்றால் அலர்ட் அனுப்பும் முன் அவருக்கு ஒரு போன். ஆபீசில் யாருக்கும் தெரியாது. "வாங்க தம்பி, ஆறு இங்கனதான் கெடக்கு" என்று ஆரம்பித்துத் தண்ணீர் எதுவரை என்று சொல்வார்.

2024 அக்டோபர் கடைசியில் அந்தப் பேய்மழை அன்றும் கேட்டேன். "ஆத்துல ஒண்ணும் பெருசா இல்ல தம்பி" என்றார். நிம்மதியாக மஞ்சளை நிறுத்தி வைத்தேன். இருபது நிமிஷம். ஆற்றில் நிஜமாகவே பெரிதாக ஒன்றுமில்லைதான். செல்லூரில் பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி வீட்டுக்குள் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, அது டேஷ்போர்டில் தெளிவாக ஏறிக்கொண்டும் இருந்தது.