அளவுகோலோடு ஊராட்சிகளுக்குப் போனபோது

பெண் தலைவர்கள் சந்திக்கும் பாகுபாட்டை அளக்க, 2020இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். ஆண்களுக்குக் கிடைக்கும் சலுகை, பெண்ணுக்கு மட்டும் வரும் கட்டுப்பாடு, ஆதரவின்மை, மதிப்பைக் குறைப்பது, பகைமை, பெண்ணே தன்னைக் குறுக்கிக்கொள்வது என ஆறு தடைகளை அது தனித்தனியாகக் கேட்கிறது. அதைத் தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்குக் கொண்டுபோன குழுவில் நானும் இருந்தேன். 2016இல் உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டமே வந்துவிட்டதால், பேசுவதற்குத் தலைவர்களுக்குப் பஞ்சமிருக்கவில்லை.

தமிழாக்கம், சரிபார்ப்பு எல்லாம் சீக்கிரமே முடிந்தது. அப்புறம்தான் முக்கியமான கட்டம்: ஒவ்வொரு கேள்வியையும் படித்துக்காட்டி, அதைக் கேட்டதும் மனதில் என்ன வருகிறது என்று அவர்களையே பேசவிடுவது. இதை யாரும் விட்டுவிடாதீர்கள். வீட்டுக்குப் போனால் பல இடங்களில் கணவரே பதில் சொன்னார். மகளிர் குழுக் கட்டடத்தில் தனியாக உட்கார்ந்த பிறகே பேச்சு வந்தது.

பெண் என்பதால் அதிகாரம் குறைகிறதா என்ற கேள்விக்கு ஒரு அக்கா, "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று ஐந்துக்கு ஒன்று போட்டார். கொஞ்ச நேரத்திலேயே, துணைத்தலைவர் செக்கில் கையெழுத்துப் போடாமல் மாதக்கணக்கில் இழுத்தடித்ததைச் சொன்னார். ஊராட்சிப் பணத்தை எடுக்க இருவர் கையெழுத்தும் வேண்டும். தூய்மைப் பணியாளர் சம்பளம், குடிநீர் மோட்டார் பழுது எல்லாம் அதில் நின்றுபோகும். எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு அந்த ஊரில் பாகுபாடே இல்லை.

அதனால் நடந்ததைக் கேட்கும் கேள்விகளைச் சேர்த்தோம். செக் நின்றதா? கிராம சபையில் தீர்மானத்தை யார் வாசித்தது? பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்திலிருந்து போன் யாருக்கு வருகிறது? சாதியையும் சேர்த்தே கேட்டோம். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சாதிப் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் வெளியானதே, அந்த அவமானத்தில் எவ்வளவு சாதி, எவ்வளவு பாலினம் என்று எந்தக் கேள்வித்தாளாலும் பிரிக்க முடியாது.

கடைசியில் அமெரிக்கச் சராசரியோடு ஒப்பிடும் அட்டவணையை எடுத்துவிட்டோம். இரண்டு இடத்துப் பெண்களும் கேள்விகளை ஒரேபோல எடுத்துக்கொள்கிறார்களா என்று பார்க்கும் 'மெஷர்மென்ட் இன்வேரியன்ஸ்' சோதனையில் தேறாமல் சராசரிகளை அருகருகே வைப்பது அந்த அக்காவுக்குச் செய்யும் அநியாயம். நாடுகளை ஒப்பிட நினைப்பவர்கள், இரு தரப்புக்கும் பொதுவான நிகழ்வுக் கேள்விகளைக் களத்துக்குப் போவதற்கு முன்பே இரண்டு ஊர்ப் பெண்களோடும் உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள்.