பணம் புறப்பட்ட தேதி

மார்ச் பிறந்ததும் சிறுதொழில் நடத்துகிறவர்கள் ஆடிட்டரிடம் கேட்பது, "எதிலாவது பணம் போட்டு வரியைக் குறைக்கலாமா?" என்பதுதான். கணக்குப் பார்க்கிறவர்களின் கண் அதற்கு முன்பே வங்கிக் கணக்கு அறிக்கைக்குப் போய்விடும். செலவு நடந்திருக்கும், பில் இருக்கும், சரக்கும் குடோனில் இருக்கும். பணம் எந்தத் தேதியில், எந்த வழியில் போனது என்ற ஒரே காரணத்தால் அந்தச் செலவு வரிக்கணக்கில் நிற்காமல் போகும். நேர்மையாக உழைத்துக் கொடுத்த பணத்துக்கு வரி கட்ட நேர்வது வேதனையான விஷயம். இங்கே சொல்லும் விதிகள் 1961 வருமான வரிச் சட்டத்தின்படி, 2025-26 நிதியாண்டுக் கணக்கு வரை பொருந்துபவை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025 வருமான வரிச் சட்டம் பொருந்தும். அதில் பிரிவு எண்கள் வேறு.

இப்போது அதிகம் அடிபடுவது, குறு, சிறு நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்கும் கெடுவைப் பற்றிய 43பி (எச்) பிரிவு. 2023-24 நிதியாண்டு முதல் அமலில் உள்ளது. குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கினால், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாள், ஆனால் 45 நாளுக்கு மேல் கிடையாது. 60 நாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் 45தான். கோவையில் பம்ப் செட் செய்யும் ஒரு கூட்டு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஜனவரி 10 அன்று லேத் பட்டறைக்காரரிடமிருந்து ₹4 லட்சத்துக்கு வேலை முடிந்து வருகிறது. ஒப்பந்தம் எதுவும் இல்லை. பணம் ஏப்ரல் 20இல் போகிறது. அந்த ₹4 லட்சம் இந்த ஆண்டுச் செலவாகாது. 30% வரி, 4% செஸ் சேர்த்து ₹1,24,800 கூடுதலாகக் கட்ட வேண்டும். பணம் கொடுத்த ஆண்டில் அந்தச் செலவைக் கழித்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் வரிப்பணம் இப்போதே கையைவிட்டுப் போகிறது. ரிட்டர்ன் போடும் நாளுக்குள் கொடுத்தால் போதும் என்ற பழைய பழக்கம் இதற்குச் செல்லாது. மார்ச் 25 பில்லை 15 நாள் கெடுவுக்குள் ஏப்ரல் 5இல் கொடுத்தால் சிக்கல் இல்லை.

நாம் பணம் கொடுக்க வேண்டிய எல்லாருக்கும் இது பொருந்தாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவர்களின் உதயம் சான்றிதழை (குறு, சிறு, நடுத்தர நிறுவனப் பதிவு) வாங்கிப் பாருங்கள். உற்பத்தி, சேவை என்று இருந்தால் பொருந்தும். வெறும் வணிகம் என்றாலோ நடுத்தர நிறுவனம் என்றாலோ பொருந்தாது. இரும்புக் கடைக்காரருக்கு ஒரு வாரம் தள்ளிக் கொடுக்கலாம், லேத் பட்டறைக்காரருக்கு முடியாது. டேலி கணக்கு மென்பொருளில் இந்தக் குறு, சிறு நிறுவனங்களுக்குத் தனிக் குரூப் போட்டு, பில்வாரியாகப் பாக்கி காட்டும்படி வைத்து, பிப்ரவரி நடுவிலேயே அச்செடுத்து முதலாளி மேசையில் வைப்பது நல்லது. மார்ச் 30இல் பட்டியல் எடுத்தால் கொடுப்பதற்கு வங்கியில் பணம் இருக்காது. ஜிஎஸ்டியிலும் இதே கதைதான்: சப்ளையருக்கு 180 நாளுக்குள் பணம் போகாவிட்டால் எடுத்த உள்ளீட்டு வரியை (வாங்கியபோது கட்டிய ஜிஎஸ்டிக்கான வரவை) வட்டியோடு திருப்ப வேண்டும்.

ரொக்கம் அடுத்தது. ஒரே நபருக்கு ஒரே நாளில் ₹10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு முழுவதும் வரிக்கணக்கில் ஏற்கப்படாது. லாரி வாடகைக்கு வரம்பு ₹35,000. ₹9,500 வீதம் மூன்று வவுச்சராகப் பிரித்து எழுதினாலும் அன்றைய மொத்தத்தைத்தான் பார்ப்பார்கள். இதைவிட ஆபத்து கைமாற்று. சம்பள நாளில் நண்பரிடம் ₹50,000 ரொக்கமாக வாங்கிச் சமாளிப்பது நம் ஊரில் சாதாரணம். ஆனால் ₹20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கக் கடன் வாங்கினால் வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் விதிக்க இடமுண்டு. திருப்பிக் கொடுப்பதற்கும் அதே விதி. உறவு நல்லபடியாக இருக்கும்போதே வங்கி வழியாக வாங்குங்கள்.

அறக்கட்டளைகளில் தேதி இன்னும் கடுமையாக வேலை செய்கிறது. வரிவிலக்குக்கான 12ஏபி பதிவு பெற்ற அறக்கட்டளை ஆண்டு வருமானத்தில் 85% செலவிட வேண்டும்; அந்த ஆண்டிலேயே உண்மையில் கொடுத்துத் தீர்த்ததுதான் அந்த ஆண்டின் கணக்கில் சேரும். ₹20 லட்சம் வருமானம் என்றால் ₹17 லட்சம் போயிருக்க வேண்டும். ₹13 லட்சம் கொடுத்தாகிவிட்டது, நோட்டுப் புத்தகம் அச்சடித்த ₹4 லட்சம் பில் மட்டும் பாக்கி என்றால், குழந்தைகள் கையில் புத்தகம் போய்ச் சேர்ந்திருந்தாலும் அந்த ₹4 லட்சம் செலவிட்டதாக ஆகாது. கடன் வாங்கிச் செய்த செலவும் அப்படித்தான். கடனைத் திருப்பிக் கட்டும் ஆண்டில்தான் கணக்கில் வரும்.

முழுதும் செலவிட முடியாதபோது படிவம் 10 இருக்கிறது. எதற்காகச் சேர்க்கிறோம் என்பதைக் குறிப்பிட்டு ஐந்தாண்டு வரை ஒதுக்கி வைக்கலாம். "அறக்கட்டளையின் நோக்கங்களுக்காக" என்று பொத்தாம்பொதுவாக எழுதிய தீர்மானம் கேள்விக்குள்ளாகும். "கிராமத்துப் பள்ளிக்கு இரண்டு வகுப்பறை கட்ட" என்று எழுதுங்கள். அக்டோபர் 31 ரிட்டர்ன் தேதியாக உள்ளவர்களுக்கு இந்தப் படிவத்தின் தேதி ஆகஸ்ட் 31. ஆடிட் முடியட்டும் என்று செப்டம்பர் வரை காத்திருந்து தவறவிடுகிறவர்கள் உண்டு.

நன்கொடை ரசீதுதான் அறக்கட்டளைக்கும் கொடையாளருக்கும் உள்ள பிணைப்பு. ₹2,000க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் கொடையாளருக்கு 80ஜி வரிச்சலுகை இல்லை. நன்கொடைப் பட்டியலான படிவம் 10பிடியை மே 31க்குள் போட வேண்டும்; அதைப் போட்டால்தான் கொடையாளருக்கு 10பிஇ சான்றிதழ் எடுக்க முடியும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு ₹200 கட்டணம். பான் எண்ணுக்காக மே மாதத்தில் கொடையாளர்களைத் தேடி அலைவதைவிட, ரசீதுப் புத்தகத்திலேயே பெயர், முகவரி, பான், பணம் வந்த வழி ஆகிய நான்கு கட்டங்களை அச்சடித்து, அவை நிரம்பாமல் ரசீதைக் கிழிக்கக் கூடாது என்று அலுவலகத்தில் சொல்லிவிடலாம். புதிய வரி முறையில் இருக்கும் கொடையாளருக்கு 80ஜி பயன்படாது. அவர் கேட்கும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.