நியூயார்க் பள்ளிகளை இழுத்து மூடிய அந்த 3 சதவீதம்

கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிக்கூடம் திறப்பதைப் பற்றிப் பேச்செடுத்தாலே "எந்தத் தேதி?" என்பதுதான் முதல் கேள்வியாக இருந்தது. தேதி குறிப்பது இருப்பதிலேயே சுலபமான வேலை. எந்த நிலை வந்தால் மூடுவோம், மூடிய பிறகு எந்த நிலையில் மறுபடி திறப்போம் என்ற இரண்டையும் முதல் மணி அடிப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். 2020 கோடையில் நியூயார்க் நகரம் முதலாவதை எழுதியது, அதையும் தப்பான அளவுகோலில். இரண்டாவதை எழுதவே இல்லை.

அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்பது நம் ஊர்க் கல்வி மாவட்டம் போல மேற்பார்வை அலுவலகம் மட்டும் கிடையாது. ஆசிரியரை நியமிப்பது, கட்டடத்தைப் பராமரிப்பது, பேருந்து விடுவது, சாப்பாடு போடுவது எல்லாமே அதன் தலையில்தான். நியூயார்க்கில் 2002 முதல் அது மேயரின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. 2020-ல் சுமார் 11 லட்சம் பிள்ளைகள், 1,600-க்கு மேல் பள்ளிகள். நாட்டிலேயே பெரியது.

2020 மார்ச் 16 அன்று அத்தனையும் மூடப்பட்டன. ஏப்ரலுக்குள் 400-க்கும் மேற்பட்ட பள்ளி வாசல்களில், அடையாள அட்டை எதுவும் கேட்காமல், பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் மூன்று வேளைச் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். அந்த ஏற்பாட்டுக்காக நகரத்தை எத்தனை பாராட்டினாலும் தகும்.

திறப்பில்தான் சிக்கல். செப்டம்பர் 10 என்றார்கள். ஆசிரியர் சங்கம் வேலைநிறுத்தத்துக்குத் தயாரானதும் 21 ஆனது. பிறகு அதுவும் உடைந்தது: மழலையரும் சிறப்புக் கல்விப் பிள்ளைகளும் 21-ல், தொடக்கப் பள்ளிகள் 29-ல், மேல் வகுப்புகள் அக்டோபர் 1-ல். இரண்டாவது ஒத்திவைப்புக்குக் காரணம் கிருமியை விட ஆள் கணக்கு.

அந்தக் கணக்கை ஒரு வகுப்பை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். 30 பிள்ளைகள். ஆறடி இடைவெளி விட்டால் அறையில் 9 முதல் 12 பேர்தான் உட்கார முடியும். பத்துப் பேர் முழுக்க வீட்டிலிருந்தே படிக்கிறோம் என்கிறார்கள். மீதி இருபது பேர் இரண்டு அணிகளாக நாள் மாற்றி வருகிறார்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் முதல் அணிக்கு வகுப்பறையில் ஓர் ஆசிரியர் வேண்டும். அதே நேரம் வீட்டில் இருக்கும் இரண்டாம் அணிக்குத் திரையில் ஒருவர். முழுநேர வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொருவர். நேரில் நடத்துபவரையே திரைக்கும் நடத்தச் சொல்லக் கூடாது என்று சங்கத்தோடு ஒப்பந்தம் இருந்தது. அது நியாயமானதும்கூட, இரண்டையும் ஒருவரே செய்தால் இரண்டும் கெடும். ஆக, ஓர் ஆசிரியர் நடத்திய வகுப்புக்கு மூன்று பேர். வேறு வகுப்புகளின் வீட்டுப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். தலைமையாசிரியர்கள் சங்கம் கோடையிலேயே இதைச் சொல்லி எச்சரித்தது. நகரம் முதலில் 2,000 பேரைக் கூடுதலாகத் தருவதாகச் சொன்னது, பிறகு மேலும் 2,500. தலைமையாசிரியர்கள் கேட்டதோ பத்தாயிரம் அளவில். செப்டம்பர் கடைசியில் அந்தச் சங்கம் மேயர் பில் டி பிளாசியோ மீதும் நகரப் பள்ளிகளின் தலைமை அதிகாரியான சான்சலர் ரிச்சர்ட் கரான்சா மீதும் நம்பிக்கையில்லாத் தீர்மானமே நிறைவேற்றியது. கால அட்டவணை போடும் ஆளைக் கூட்டத்துக்கு அழைக்காமல் திறப்புத் திட்டம் வகுத்தால் இப்படித்தான் முடியும்.

அடுத்தது காற்று. ஒவ்வொரு கட்டடத்துக்கும் சோதனைக் குழு போனது. அவர்கள் கையில் ஒரு குச்சி, அதன் நுனியில் டாய்லெட் பேப்பர் துண்டு. காற்றுத் துவாரத்துக்கு அருகே பிடித்தால் காகிதம் அசைகிறதா என்று பார்ப்பார்கள். ஆசிரியர்கள் கொதித்துப் போனார்கள். காகிதம் பொய் சொல்லாது, ஆனால் அது சொல்வது விசிறி ஓடுகிறதா, காற்று உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்பது மட்டும்தான். எவ்வளவு என்று சொல்லாது. நமக்கு வேண்டியது அந்த "எவ்வளவு".

30 அடி நீளம், 25 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள அறை 7,500 கன அடி. மணிக்கு ஐந்து முறை காற்று மாற வேண்டுமானால் நிமிடத்துக்கு 625 கன அடி தேவை. நிமிடத்துக்கு 300 கன அடி சுத்தம் செய்யும் ஹெப்பா சுத்திகரிப்பான் (நுண்துகளைப் பிடிக்கும் வடிகட்டி உள்ள கருவி) ஒன்று வைத்தால் 2.4 முறைக்குச் சமம், இரண்டு வைத்தால் 4.8. பெட்டியில் போட்டிருக்கும் அந்த அளவு பெரும்பாலும் முழு வேகத்துக்கு உரியது. முழு வேகத்தில் இரைச்சல் தாங்காமல் பத்தாவது நிமிடமே யாராவது குறைத்து விடுவார்கள், பயனும் பாதியாகிவிடும். நடு வேகத்தில் எவ்வளவு தருகிறது என்று கேட்டு வாங்க வேண்டும். அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் தன் காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். சுற்றிலும் ஓரடியாவது விட வேண்டும்.

ஜன்னலுக்கும் ஒரு முறை உண்டு. நியூயார்க்கின் பழைய பள்ளிகளில் மேல் பலகையும் கீழ்ப் பலகையும் தனித்தனியே நகரும் உயரமான ஜன்னல்கள் இருக்கின்றன. கீழே மட்டும் அகலமாகத் திறப்பதை விட மேலே நாலு அங்குலம், கீழே நாலு அங்குலம் என்று திறப்பது நல்லது. குளிர்காற்று கீழே நுழையும், பிள்ளைகளின் மூச்சு கலந்த சூடான காற்று மேல் வழியாக வெளியேறும். மேல் பலகை பெயின்ட் பூசிப் பூசி ஒட்டிப் போயிருந்தால் அதை விடுவிப்பதுதான் கோடை விடுமுறையின் முதல் வேலை.

போதுமா என்று அறிய கார்பன் டை ஆக்சைடு மீட்டர் போதும். வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் 420 பங்கு அளவு காட்டும். வகுப்பில் 800-க்குள் இருந்தால் நல்லது, 1,000 தாண்டினால் ஏதோ அடைபட்டிருக்கிறது. ஆனால் காலியான அறையில் காலை ஏழு மணிக்கு அளந்து "எல்லாம் சரி" என்று எழுதுவது வீண். காலி அறை எப்போதும் தேர்ச்சி பெறும். பிள்ளைகள் உட்கார்ந்து நாற்பது நிமிடம் கழித்து, ஜன்னலுக்கும் யார் முகத்துக்கும் பக்கத்தில் இல்லாமல் அளக்க வேண்டும். சுத்திகரிப்பான் கிருமியைப் பிடிக்கும், இந்த வாயுவைக் குறைக்காது என்பதால் மீட்டர் சொல்வது வெளிக்காற்றின் கதையை மட்டுமே.

இதே நகரம் 1918 இன்ஃப்ளூயன்சாவில் பள்ளிகளை மூடவில்லை. சுகாதார ஆணையர் ராயல் கோப்லண்ட், நெருக்கடியான குடியிருப்பை விடப் பள்ளியே பிள்ளைக்கு நல்லது என்று முடிவெடுத்தார். தினமும் காலையில் ஆசிரியர்கள் ஒவ்வொரு பிள்ளையையும் பார்த்தார்கள், அறிகுறி தெரிந்தால் பிரித்து வைத்தார்கள். 2020-ல் அது மட்டும் போதாது. அறிகுறியே இல்லாமல் பரவும் நோய்க்குப் பரிசோதனை வேண்டும்.

பரிசோதனை நடந்தது. அக்டோபரில் முதல் சுற்றில் வந்த 16,000-க்கு மேற்பட்ட முடிவுகளில் தொற்று 28 பேருக்கு. நவம்பரிலும் பள்ளிக்குள் விகிதம் கால் சதவீதத்தை ஒட்டியே இருந்தது. ஆனால் மூடும் விதியோ பள்ளியைப் பார்த்து எழுதப்படவில்லை. ஊர் முழுக்க எடுத்த பரிசோதனைகளில் ஏழு நாள் சராசரி 3 சதவீதம் தொட்டால் எல்லாப் பள்ளிகளையும் மூடுவோம் என்பதே விதி. அந்த விகிதம் யார் போய்ப் பரிசோதித்துக் கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். நவம்பர் 18 அன்று நகரத்தின் கணக்கு 3 என்றது. அதே நாளில் மாநிலத்தின் கணக்கு 2.5 என்றது. மேயரின் காலைப் பத்து மணிப் பேட்டி மதியம் வரை தள்ளிப் போனது. சுமார் 3 லட்சம் பிள்ளைகளின் பெற்றோருக்கு மறுநாள் பள்ளி இல்லை என்று பிற்பகலில்தான் தெரிந்தது. உணவகங்களும் உடற்பயிற்சிக் கூடங்களும் மாநிலத்தின் விதிக்குள் வந்ததால் அவை திறந்தே இருந்தன. ஆறு வயதுப் பிள்ளையின் வகுப்பை மூடிவிட்டு உணவகத்தைத் திறந்து வைத்த வரிசையை எந்தக் காரணம் சொல்லியும் என்னால் ஏற்க முடியவில்லை.

டிசம்பர் 7-ல் தொடக்கப் பள்ளிகள் திறந்தபோது விகிதம் 3-க்கு மேல்தான் இருந்தது, விதியையே கைவிட்டார்கள். பதிலாக, வாரம் 20 சதவீதம் பேருக்குப் பரிசோதனை, பெற்றோர் சம்மதம் கட்டாயம். இது நல்ல மாற்றம், ஆனால் வரம்பு தெரிந்து பயன்படுத்த வேண்டும். ஒரு பள்ளியில் மூன்று பேருக்குத் தொற்று இருந்தால், ஐந்தில் ஒருவரைச் சோதிக்கும்போது ஒருவராவது மாட்டுவதற்கான வாய்ப்பு 49 சதவீதம். பரவல் ஏறுகிறதா என்று பார்க்க இது உதவும், இந்த வகுப்பு பாதுகாப்பானது என்று உறுதி சொல்ல உதவாது.

இன்னொரு விதியும் ஊரைப் படுத்தியது. ஒன்றோடொன்று தொடர்பு தெரியாத இருவருக்குத் தொற்று வந்தால் பள்ளி முழுவதும் பத்து நாள் மூடல். 200 பேர் படிக்கும் பள்ளிக்கும் 2,000 பேர் படிக்கும் பள்ளிக்கும் ஒரே இரண்டு. பெரிய பள்ளியில் வெளியே தொற்றிக்கொண்டு வரும் இருவர் எப்போதும் இருப்பார்கள், அதனால் அவை திறந்து மூடித் திறந்து மூடியே கிடந்தன. 2021 ஏப்ரலில்தான், புது சான்சலர் மீஷா போர்ட்டர் காலத்தில், வெவ்வேறு வகுப்பறைகளில் நான்கு பேர், அதுவும் பள்ளிக்குள்ளேயே பரவியது என்று தெரிந்தால் மட்டும் மூடல் என்று மாற்றினார்கள். அதற்குள் நடுநிலைப் பள்ளிகள் பிப்ரவரி 25-லும் உயர்நிலைப் பள்ளிகள் மார்ச் 22-லும் திறந்திருந்தன.

2021 செப்டம்பர் 13-ல் எல்லாரும் நேரில், வீட்டுவழிப் படிப்பே கிடையாது, வகுப்புக்கு இரண்டு சுத்திகரிப்பான், ஊழியர்களுக்குத் தடுப்பூசி கட்டாயம். 2022 ஜனவரியில் ஒமிக்ரான் பரவியபோது யாருக்காவது தொற்று என்றால் வகுப்பை மூடாமல், பிள்ளைகள் கையில் வீட்டுப் பரிசோதனைப் பெட்டியைக் கொடுத்து, தொற்றில்லை என்றால் மறுநாளும் வரச் சொன்னார்கள். கட்டடங்கள் திறந்தே இருந்தன. விடுமுறை முடிந்த முதல் நாளான ஜனவரி 3 அன்று வந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள்தான்.