1911 பிஸ்டலை கழட்டி துடைக்க போய் நான் பட்ட பாடு

போன மாசம் ஒரு சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு கராஜ்ல பழைய டவல் ஒண்ண விரிச்சு உக்காந்தேன், எந்திரிக்கும்போது மதியம் ஒன்றரை. அதுல உண்மையிலேயே சுத்தம் பண்ணது ஒரு இருபது நிமிஷம் இருந்தா அதிகம். மீதி நேரம் பூரா தேடுறது, கழட்டுறதோட மல்லுக்கட்டுறது, நடுவுல ஒரு தடவ டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு வாஷிங் மெஷினுக்கு பின்னாடி குப்புற படுத்து கிடந்தது. நான் செஞ்ச கூத்த அப்படியே எழுதி வைக்கிறேன், ஏன்னா அடுத்த தடவ கழட்டும்போது எனக்கே மறந்து போயிரும்.

முதல்ல கொஞ்சம் முன்கதை. டெக்சாஸ் வந்து பல வருஷம் ஆச்சு. வேலை விசால இருக்கிறவரைக்கும் சட்டப்படி பொதுவா துப்பாக்கி சொந்தமா வச்சுக்க முடியாது (வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு இருக்கு, அதுக்குள்ள நான் போகல), அதனால நண்பர்களோட ரேஞ்சுக்கு, அதாவது சுட்டு பழகுற இடத்துக்கு போயி வேடிக்கை பாத்துட்டு வர்றதோட சரி. கிரீன் கார்டு வந்த பிறகுதான் கடைக்கு போயி 4473 ஃபார்ம் நிரப்பி, பேக்ரவுண்ட் செக் முடிஞ்சு, கைமாறி வந்த ஒரு 1911 வாங்குனேன். அஞ்சு இஞ்ச் பேரல், .45 தோட்டா, பூரா ஸ்டீலு, காலியா இருக்கும்போதே ஒரு கிலோவுக்கு மேல கனம். கூட வர்ற பசங்க எல்லாம் பிளாஸ்டிக் ஃபிரேம் (கைப்பிடியோட சேந்த அடிப்பாகம்) 9 எம்எம் வச்சிருக்காங்க, அத பத்து செகண்ட்ல நாலு பாகமா பிரிச்சு போட்டுருவாங்க. எனக்கு என்னமோ இந்த பழைய டிசைன் மேலதான் கண்ணு. ஜான் பிரௌனிங் வடிவமைச்சது, அமெரிக்க ராணுவம் 1911 மார்ச் 29 அன்னைக்கு எடுத்துக்கிட்டு 1985 வரைக்கும் அதையே முக்கிய பிஸ்டலா வச்சிருந்துச்சு. அத்தனை வருஷம் பதினெட்டு வயசு பையன்க சேத்துல உக்காந்து கழட்டி மாட்டுன சாமான், நம்மால முடியாதா என்னன்னு ஒரு திமிரு. அந்த திமிரு பதினோரு மணிக்குள்ள இறங்கிருச்சு.

ஒண்ணு மட்டும் ஒழுங்கா செஞ்சேன். மேகசின (தோட்டா அடுக்குற டப்பா) உருவிட்டு, ஸ்லைட (மேல முன்னும் பின்னும் ஓடுற பாகம்) மூணு தடவ இழுத்து, சேம்பர்ல, அதாவது சுடுறப்ப தோட்டா உக்காருற இடத்துல கண்ணால பாத்து, சுண்டு விரல விட்டும் தடவி பாத்தேன். தோட்டா டப்பா மொத்தமும் வேற ரூம்ல பூட்டி இருந்துச்சு. மேகசின உருவாம முதல்ல ஸ்லைட இழுத்தா உள்ள இருக்கிற தோட்டா திரும்ப சேம்பருக்கு ஏறிரும், இந்த வரிசைய மாத்தி செஞ்சு வீட்டுக்குள்ள வெடிக்க விட்டவங்க கதை இங்க ரேஞ்சுல நிறைய கேக்கலாம். இதுல மட்டும் எனக்கு பயம் ஜாஸ்தி, அந்த பயம் அப்படியே இருக்கட்டும்.

இப்ப கழட்டுறது. பேரலோட வாய்ப்பக்கம் புஷிங்னு ஒரு வளையம் இருக்கும், அதுக்கு கீழ ஸ்ப்ரிங்க மூடிக்கிட்டு பிளக்னு ஒரு சின்ன குப்பி. பிளக்க கட்டைவிரலால உள்ள அமுக்கிக்கிட்டே புஷிங்க ஒரு பக்கமா திருப்புனா பிளக் வெளிய வரும். வீடியோல அந்த ஆளு ரெண்டு விரலால டக்குனு திருப்புறாரு. என்னுது அசையல. புஷிங் டைட்டா இருந்தா குறி நல்லா விழும்னு இப்ப வர்ற நிறைய 1911-ல இறுக்கமாத்தான் வைப்பாங்களாம், அதுக்குன்னே பிளாஸ்டிக்ல ஒரு தட்டையான சாவி கொஞ்ச காசுக்கு கிடைக்குது, அதெல்லாம் அப்புறம்தான் தெரிஞ்சுச்சு. நான் என்ன பண்ணேன், டூல் பாக்ஸ்ல இருந்து கட்டிங் பிளேயர எடுத்தேன். ஆமா. புஷிங் ஓரத்துல ரெண்டு பல் தடம் இன்னைக்கும் பளபளன்னு தெரியுது.

பிளேயரால திருப்புனதுல புஷிங் சட்டுனு விட்டுக் குடுத்துருச்சு, நானோ கட்டைவிரல பிளக் மேல வைக்கிறதுக்கு பதிலா பிளேயர்லயே கவனமா இருந்துட்டேன். உள்ள இருக்கிறது 16 பவுண்டு ஸ்ப்ரிங், நம்ம கணக்குல ஏழு கிலோ. தீபாவளி ராக்கெட் பாட்டில்ல இருந்து கெளம்புன மாதிரி பிளக் "டொப்"னு மேல போயி சீலிங்ல ஒரு குழி போட்டுட்டு எங்கயோ விழுந்துச்சு. நல்லவேளை கண்ணாடி போட்டிருந்தேன், அதுவும் பவர் கண்ணாடிதான், பாதுகாப்புன்னு யோசிச்சு போட்டது இல்ல. சத்தம் கேட்டு உள்ள இருந்து வீட்டம்மா, "என்னங்க, வெடிச்சுருச்சா?"ன்னு ஓடி வந்தாங்க. இல்லம்மா ஸ்ப்ரிங்குதான்னேன். அண்ணாந்து சீலிங்க பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம உள்ள போயிட்டாங்க, அதுக்கு ரெண்டு வார்த்தை திட்டியே இருக்கலாம்.

வாஷிங் மெஷின் பின்னாடி, கார் அடில, பெயிண்ட் டப்பா இடுக்குல, எங்க தேடியும் கிடைக்கல. சரி இருக்கிறத கழட்டுவோம்னு மேல போனேன். ஸ்லைட பின்னாடி தள்ளி அதுல இருக்கிற சின்ன அரைவட்ட வெட்டு ஸ்லைடு ஸ்டாப்போட (ஸ்லைட நிறுத்துற சின்ன நெம்புகோல்) முனைக்கு நேரா வர்ற மாதிரி பிடிச்சுக்கிட்டு, வலது பக்கத்துல இருந்து அதோட பின்னு முனைய தள்ளுனா இடது பக்கமா வெளிய வரும். அங்க ரெண்டு வெட்டு இருக்கும், பெருசு ஸ்லைட திறந்து நிறுத்துறதுக்கு, சின்னதுதான் கழட்டுறதுக்கு. நான் ஒரு கால் மணி நேரம் பெரிய வெட்டோட மல்லுக்கட்டிட்டு இருந்தேன். சின்னதுக்கு வந்ததும் ஒரு தள்ளுல வந்துருச்சு, கோவமா வந்துச்சு.

ஸ்லைடு தனியா, ஃபிரேம் தனியா வந்த சந்தோஷத்துல ஃபிரேம கைல பிடிச்சுக்கிட்டு சும்மா டிரிகர அமுக்கிட்டேன். ஹாமர், அதாவது பின்பக்க சுத்தி, போயி நேரா ஃபிரேம்ல "ணங்"னு அடிச்சுச்சு. ஸ்லைடு மாட்டி இருந்தா ஹாமர் ஃபயரிங் பின்னுல (தோட்டாவ குத்துற ஊசி) போயி நிக்கும், ஸ்லைடு இல்லாதப்ப ஃபிரேமுக்குத்தான் அடி, திரும்ப திரும்ப இப்படி விட்டா அந்த இடம் தட்டையாகி பாகமெல்லாம் உரச ஆரம்பிக்கலாம். ஒரே தடவையோட நிறுத்திட்டேன், லென்ஸ் வச்சு பாத்தேன், ஒண்ணும் ஆகல. இப்ப ஸ்லைடு வெளிய வந்ததும் ஹாமருக்கு முன்னாடி துணிய மடிச்சு வச்சுருவேன்.

சுத்தம் பண்ற பகுதில பெருசா சொல்றதுக்கு இல்ல. அழுக்க கரைக்கிற சால்வென்ட்ட பிரஷ்ல தொட்டு பேரலுக்குள்ள முழுசா ஓட்டி அந்த பக்கம் வெளிய வந்த பிறகுதான் திருப்பணும், நான் பாதில திருப்ப பாத்து பிரஷ் உள்ளயே சிக்கிக்கிச்சு, முறுக்கி முறுக்கி எடுத்தேன். நான் வாங்குன சால்வென்ட் ஹாப்பிஸ் நம்பர் 9, அதோட வாசனை எனக்கு ரொம்ப பிடிச்சு போச்சு, மண்ணெண்ணெய்ல வாழைப்பழம் ஊற வச்ச மாதிரி. ஆனா அழுக்குல ஈயம் இருக்கு, அத லேசா எடுத்துக்க கூடாது. கிளவுஸ் போட்டு, கராஜ் கதவ திறந்து வச்சுதான் செய்யணும், முடிஞ்சதும் பச்சத்தண்ணி சோப்புல கைய கழுவிட்டுதான் சோறு. டைனிங் டேபிள்ல வச்சு செய்யிறவங்கள வீடியோல பாக்குறேன், எனக்கு ஒப்பல, வீட்டுல சின்ன பிள்ள இருக்கு.

எண்ணெய் விஷயத்துல என் மச்சினன் ஒரு யோசனை சொன்னான். "மாமா, எதுக்கு இந்த சின்ன பாட்டிலுக்கு இவ்ளோ காசு, தேங்காண்ணெய் போட்டா பத்தாதா?" ஊர்ல இருந்தா ஒரு தடவ முயற்சி பண்ணிருப்பேனோ என்னமோ. இங்க ஜனவரில கராஜ்ல பாட்டிலுக்குள்ள தேங்காண்ணெய் மெழுகு மாதிரி உறைஞ்சு நிக்குது, 24 டிகிரிக்கு கீழ போனாலே அது கட்டி தட்டிரும், ஸ்லைடு நடுவுல நிக்கும்டான்னேன். சரின்னு துப்பாக்கி எண்ணெயவே வாங்கி, வாங்குன காசுக்கு போடுவோம்னு தாராளமா ஊத்திட்டேன். அப்புறம் எல்லாம் மாட்டி முடிச்ச மறுநாள் கேஸ் திறந்தா உள்ள இருக்கிற ஸ்பாஞ்சு பூரா எண்ணெய். எங்க அம்மா தையல் மெஷினுக்கு மூணு சொட்டு விட்டு துணியால ஒத்தி எடுப்பாங்க, அதே கணக்குதான் இதுக்கும். ஸ்லைடு ஓடுற ரெண்டு பக்க தண்டவாளம், பேரல் வெளிப்பக்கம், புஷிங் உள்பக்கம், ஆளுக்கு ஒரு சொட்டு.

மாட்டுறதுக்கு வேண்டிய பிளக்க காணோமே. ஆன்லைன்ல ஆர்டர் போட்டு, எல்லாத்தையும் ஒரு ஐஸ்கிரீம் டப்பால போட்டு பெட்டில வச்சு பூட்டிட்டேன். மூணாவது நாள் புது பிளக் வந்துச்சு. அன்னைக்கு சாயங்காலமே பாப்பா மழைக்கு பூட்ஸ் போட போயி, "அப்பா, ஷூக்குள்ள கல்லு குத்துது"ங்குறா. கல்லு இல்ல. ஷூ ராக் சீலிங் குழில இருந்து எட்டடி தள்ளி இருக்கு, அது எப்படி அங்க போச்சுன்னு இப்பவும் புரியல.

மாட்டும்போதுதான் நெசமான ரோதனை. பேரலுக்கு அடில லிங்க்னு ஒரு குட்டி வளையம் ஆடிக்கிட்டே இருக்கும், ஸ்லைடு ஸ்டாப்போட பின்னு அந்த வளையத்துக்குள்ள நுழைஞ்சாத்தான் பேரல் ஃபிரேமோட சேரும். நான் ஸ்லைட ஏத்திட்டு பின்ன விட்டா பாதில முட்டுது. தள்ளுறேன், முட்டுது. சுத்தியல் வரைக்கும் கண்ணு போச்சு, புஷிங்ல இருந்த பிளேயர் தடத்த பாத்து அடக்கிக்கிட்டேன். ரேஞ்சுல ஒரு பெரியவர் இருக்காரு, ராணுவத்துல இருந்தவர், அவருக்கு போன் போட்டேன். பொறுமையா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி, "அந்த ஓட்டை வழியா வெளிச்சம் தெரியுதா?" டார்ச்ச அந்த பக்கம் பிடிச்சு பாத்தா லிங்க் சாஞ்சு ஓட்டைய பாதி மறைச்சுக்கிட்டு நிக்குது. பிஸ்டல தலைகீழா கவுத்து, லேசா ஆட்டி, வளையம் முழுசா தெரிஞ்ச உடனே பின்னு வெண்ணெய்ல கத்தி மாதிரி போச்சு. இதுக்கு ஒரு மணி நேரம். ஸ்ப்ரிங் கைடையும் ஒரு தடவ தலைகீழா வச்சிருந்தேன், அதோட குழிஞ்ச பக்கம் பேரல அணைச்ச மாதிரி உக்காரணும், அத விடுங்க.

கடைசி இஞ்ச்ல இன்னொரு கண்டம். ஸ்லைடு ஸ்டாப்ப முழுசா உள்ள தள்ள, அதுக்கு பின்னாடி இருக்கிற ஒரு குட்டி ஸ்ப்ரிங் முளை வழி விடணும். அது விடலன்னு நம்ம ஆளுங்க என்ன பண்ணுவோம், ஸ்லைடு ஸ்டாப்ப ஃபிரேம் மேலயே உரசிக்கிட்டு வளைச்சு மேல ஏத்துவோம், அது போற பாதையெல்லாம் நிலாப்பிறை மாதிரி ஒரு கீறல் விழும். இங்க அதுக்கு பேரே முட்டாள் கோடு. பழைய 1911 வாங்குறவங்க முதல்ல அந்த இடத்தத்தான் பாப்பாங்களாம். நான் வாங்கும்போது என்னுதுல அந்த கோடு இல்ல. இப்ப இருக்கு. ஒரு பழைய கார்ட ஃபிரேம் மேல வச்சுக்கிட்டு, பல்குச்சியால அந்த முளைய உள்ள அமுக்குனா போதும், கோடே விழாதுன்னு பெரியவர் அப்புறமா சொன்னாரு. ஏன் முதல்லயே சொல்லலன்னு கேட்டேன், நீ கேக்கலையேன்னுட்டாரு.

ரெண்டாவது தடவ கொஞ்சம் துணிச்சல் வந்து ஃபயரிங் பின்னையும் கழட்டுனேன். அதுலயும் பின்னாடி ஒரு தகடு, அத கீழ இறக்குனா பின்னும் ஸ்ப்ரிங்கும் பாயும், இந்த தடவ கட்டைவிரல் இருந்துச்சு. மொத்தமா ஒரு பெரிய ஜிப்லாக் கவருக்குள்ள கைய விட்டு கழட்டுறேன், பறந்தாலும் கவருக்குள்ளதான் பறக்கும். பாக்க கோமாளித்தனமாத்தான் இருக்கு, மச்சினன் போட்டோ எடுத்து குடும்ப குரூப்ல போட்டுட்டான்.

இன்னொரு சந்தேகமும் தீந்துச்சு. அந்த காலத்துல ராணுவத்துல தினம் தினம் துடைக்க சொன்னது வெறும் ஒழுக்கத்துக்கு மட்டும் இல்ல. அப்ப தோட்டா ப்ரைமர் (மருந்த பத்த வைக்கிற அடிப்பக்க மூடி) எரிஞ்சா மிச்சம் ஒரு மாதிரி உப்பு, அது காத்துல இருக்கிற ஈரத்த இழுத்து பேரல துரு பிடிக்க வச்சுரும், சுட்ட அன்னைக்கே கழுவலன்னா போச்சு. இப்ப நான் ரேஞ்சுக்கு வாங்குற புது தோட்டால அந்த உப்பு இல்ல. நான் ஒவ்வொரு தடவ ரேஞ்சு போயிட்டு வந்து ராத்திரியோட ராத்திரியா துடைக்க நினைச்சது தேவையே இல்ல, நிதானமா ஞாயித்துக்கிழமை செய்யலாம்.

நேத்து மூணாவது தடவ. கழட்டி, துடைச்சு, மாட்டி, காலியா வச்சு சேஃப்டி, கிரிப் சேஃப்டி (கைப்பிடிய இறுக்கி பிடிச்சாத்தான் சுட விடுறது) எல்லாம் சரியா நிக்குதான்னு பாத்து முடிக்க முப்பத்தெட்டு நிமிஷம். எதுவும் பறக்கல, டப்பால மிச்ச பாகம் எதுவும் இல்ல. ரிப்பேருக்கு வாங்குன புது பிளக் அப்படியே கவர் பிரிக்காம இருக்கு. சீலிங் குழிய மட்டும் இன்னும் அடைக்கல, அடுத்த மாசம் மாமனார் ஊர்ல இருந்து வர்றாரு, அதுக்குள்ள புட்டி வாங்கி பூசிருங்கன்னு வீட்டம்மா ஃப்ரிட்ஜ்ல எழுதி ஒட்டி வச்சிருக்காங்க.