கண்ணாடிக் கட்டிடத்தின் நெளிவைத் துணிக்குக் கொண்டுவருதல்

துணி வடிவமைப்புப் படிப்பின் இறுதியாண்டில் ‘நகரம்’ என்ற தலைப்பு கிடைத்தால், கண்ணாடி முகப்புகளில் தெரியும் எதிர்க் கட்டிடங்களின் நெளிந்த பிம்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். நான் அதைத்தான் எடுத்தேன். 2000இல் டைடல் பூங்கா என்ற தகவல் தொழில்நுட்ப வளாகம் திறக்கப்பட்ட பிறகு, சென்னை ராஜீவ் காந்தி சாலையின் இருபுறமும் கண்ணாடிக் கட்டிடங்கள் எழும்பிவிட்டன. தரமணியிலிருந்து தெற்கே நடந்தால் ஒரு பருவத்துக்கு வேண்டிய கருப்பொருள் அங்கேயே கிடைக்கும்.

படம் எடுக்கக் கிளம்பும் முன், பிம்பம் ஏன் நெளிகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கண்ணாடியை உறுதியாக்குவதற்கு 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிரவைப்பார்கள். சூட்டில் இளகிய பலகை உருளைகளின் மேல் நகரும்போது, உருளைகளுக்கு இடையே இம்மியளவு தொய்கிறது. அந்த அலை அப்படியே இறுகிவிடுகிறது. இன்னொரு காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. இரட்டைக் கண்ணாடிச் சாளரங்களில் இரு பலகைகளுக்கு நடுவே காற்றை அடைத்து மூடியிருப்பார்கள். வெயிலில் அந்தக் காற்று விரிந்தால் வெளிப்பலகை புடைத்துக் குவியாடியாகிறது. குளிர்ந்து சுருங்கினால் உள்வாங்கிக் குழியாடியாகிறது. பள்ளியில் படித்த ஆடிப் பாடம்தான். ஒவ்வொரு பலகையும் தனக்கென்று ஒரு வளைவு வைத்திருப்பதால், ஒரே கட்டிடம் பக்கத்துப் பக்கத்துச் சாளரங்களில் வெவ்வேறாக உடைகிறது. காலையில் பார்த்த நெளிவு பிற்பகலில் இருக்காது. ஆகவே ஒரே இடத்தில் நின்று வெவ்வேறு நேரங்களில் எடுத்த படங்கள் உங்கள் ஆய்வேட்டில் கட்டாயம் இருக்கட்டும். எதிரே இருக்கும் கட்டிடம் தள்ளிப்போகப் போக நெளிவும் கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேமரா விஷயத்தில் இரண்டு சொற்கள் போதும். கைபேசியின் அகலக்கோண லென்ஸ் தன் பங்குக்கு வளைவைச் சேர்க்கும். தள்ளி நின்று நெருக்கிக் காட்டும் லென்ஸில் எடுங்கள். குவியத்தைக் கண்ணாடியின் மேல் வைக்காமல் பிம்பத்தின் மேல் வையுங்கள். அலுவலக வளாகத்துக்குள் நுழையாமல் நடைபாதையிலேயே நின்றுகொள்வது நல்லது.

படம் கையில் வந்ததும் பெரும்பாலோர் அதை அப்படியே துணியில் அச்சடிக்கப் பார்ப்பார்கள். அங்கே வடிவமைப்பு எதுவும் நிகழவில்லை. படத்தின் மேல் தடமெடுக்கும் தாளை விரித்து, முதலில் சாளரச் சட்டங்களை மட்டும் அளவுகோல் வைத்து வரையுங்கள். பிறகு வேறொரு தாளில் நெளிந்த கோடுகளை மட்டும் வெறும் கையால் வரையுங்கள். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் விஷயம் பிடிபடும்: சட்டங்கள் நேராக இருப்பதால்தான் உள்ளே இருப்பது நெளிவாகக் கண்ணுக்குத் தெரிகிறது. சட்டத்தை எடுத்துவிட்டால் எஞ்சுவது வெறும் அலை. பிரிட்டிஷ் ஓவியர் பிரிட்ஜெட் ரைலி 1961இல் வரைந்த கறுப்பு வெள்ளைச் சதுரங்களின் ஓவியத்தைப் பாருங்கள். கட்டங்களின் உயரம் மாறுவதே இல்லை; அகலம் மட்டும் குறுகிக் குறுகி, பரப்பு உள்ளே மடிவதுபோல் தெரிகிறது. ஒன்றை அசையாமல் நிறுத்தினால்தான் இன்னொன்று அசையும். துணிக்கு இன்னொரு வசதியும் உண்டு: சாளர வரிசை ஏற்கெனவே திரும்பத் திரும்ப வரும் கட்டம் என்பதால், துணி முழுக்கத் திரும்ப வரும் அலகு எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்ற பிரச்சினை பாதி தீர்ந்துவிடுகிறது.

இனி, எந்த முறையில் துணியாக்குவது? நெளிவைத் தானாகவே உண்டாக்கும் நுட்பத்தைத் தேர்ந்தெடுங்கள். என் தேர்வு இக்கத். நூலைக் கட்டிச் சாயமேற்றிப் பிறகு நெய்வதால், நூல்கள் சிறிது முன்பின்னாக நகர்ந்து, உருவத்தின் விளிம்பு இறகுபோல் கலைகிறது. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூலில் சாயம் கட்டினால் நகர்வும் நீளவாக்கில் நடக்கும். பாவுக்குக் குறுக்கே ஓடும் விளிம்புகள் கலையும், நீளக்கோடுகள் கூர்மையாக நிற்கும். குறுக்கே ஓடும் ஊடை நூலில் கட்டினால் இது தலைகீழ். மாடி வரிசைகள் கலங்கித் தெரிய வேண்டுமென்றால் பாவு இக்கத், கட்டிடத்தின் நெடுவிளிம்பு நடுங்க வேண்டுமென்றால் ஊடை இக்கத். எந்தக் கோடு நெளிய வேண்டும் என்று முடிவுசெய்த பிறகே எந்த நூலைக் கட்டுவது என்று முடிவு செய்யுங்கள். இரட்டைக் கண்ணாடியில் பிம்பமும் சில கோணங்களில் இரட்டித்துத் தெரியும். அதற்கு இரண்டடுக்கு நெசவு அருமையாகப் பொருந்தும்.

ஒவ்வொரு பாவு நூலையும் தனித்தனியே தூக்கி உருவம் நெய்யும் ஜக்கார்டு தறியில் நெய்கிறவர்கள், உருவத்தை வரையும் கிராஃப் தாளில் கவனமாக இருங்கள். அங்குலத்துக்குப் பாவு 60 இழை, ஊடை 40 இழை என்றால், சதுரக் கட்டத் தாளில் 60க்கு 60 என்று வரைந்த சாளரம் ஓரங்குல அகலமும் ஒன்றரை அங்குல உயரமுமாக நெய்து வரும். நீங்கள் கண்ட நெளிவு எது, தாள் சேர்த்த நீட்சி எது என்று பிறகு பிரிக்க முடியாது. இழைக் கணக்குக்கு ஏற்ற விகிதத் தாளை எடுங்கள்.

நிறங்களை நான்கைந்துக்குள் அடக்குங்கள். திரை அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் திரை வேண்டும், செலவு ஏறும். வானத்தை அசல் நீலத்தில் எடுக்காமல், கண்ணாடியின் பச்சையோ சாம்பலோ கலந்த நீலத்தில் எடுத்தால் பிம்பம் என்ற உணர்வு தங்கும்.

ஜூரியில், அதாவது நடுவர்கள் முன் நடக்கும் இறுதி மதிப்பீட்டில், நிச்சயம் வரும் கேள்வி: “இந்தக் கோடு ஏன் இங்கே வளைகிறது?” கணினியில் ஒரு பொத்தானை அழுத்தி வளைத்தவரிடம் இதற்குப் பதில் இருக்காது. உங்களிடம் பிற்பகல் படம், தடத்தாள், நூல் கட்டிய மாதிரி, நெய்த துண்டு என்று நான்கும் வரிசையாக இருந்தால், விரலால் சுட்டியே பதில் சொல்லிவிடலாம். நெய்த துண்டை மேசையில் விரிக்காமல் பாவு செங்குத்தாக வரும்படி தொங்கவிடுங்கள். நடுவர்கள் சில அடி பின்னால் போய்ப் பார்க்க இடம் இருக்கிறதா என்று முந்தைய நாளே அறையைப் பார்த்து வையுங்கள்.