குழந்தைகளோடு சொகுசுக் கப்பல்: அந்தக் கூடுதல் விலை தகுமா?

சென்ற வாரம் என் தங்கை இரண்டு குரூஸ் கப்பல்களின் கட்டண விவரங்களை எனக்கு அனுப்பிவிட்டு, உடனே தொலைபேசியிலும் அழைத்தாள். "ஒரே கடல், ஏறக்குறைய ஒரே தீவுகள், இரண்டுமே நான்கு இரவு. ஒன்றின் டிக்கெட் மட்டும் மற்றதைப் போல இரண்டு மடங்கு இருக்கிறதே, எதற்காக அண்ணா?" என்று கேட்டாள். அவளுக்கு ஆறு வயதில் ஒரு மகளும் ஒன்றரை வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். நாங்கள் எங்கள் இரு பிள்ளைகளோடு முதலில் சாதாரண விலைக் கப்பல் ஒன்றிலும், அடுத்த ஆண்டில் குடும்பங்களுக்கென்றே நடத்தப்படும் உயர்விலைக் கப்பல் ஒன்றிலும் போய்வந்திருக்கிறோம். இரண்டு பயணங்களுக்கும் கணக்கு நோட்டு வைத்திருந்தேன். தொலைபேசியில் அவளுக்கு அரைகுறையாகச் சொன்ன பதிலை முழுமையாக எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதலில், டிக்கெட் விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நம்மை ஏமாற்றிவிடும். பெரிய குரூஸ் நிறுவனங்களின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, பயணிகள் கப்பலில் ஏறிய பிறகு செய்யும் செலவிலிருந்தே வருகிறது. மது, சூதாட்டக் கூடம், வைஃபை, புகைப்படம், கரைச் சுற்றுலா, தனிக்கட்டண உணவகம் ஆகியவற்றில் வரப்போகும் பணத்தை நம்பித்தான் பல நிறுவனங்களால் டிக்கெட்டைக் குறைந்த விலைக்கு விற்க முடிகிறது. மாறாக, 1998-இல் முதல் கப்பலைக் கடலில் இறக்கிய, குடும்பங்களுக்கான உயர்விலை நிறுவனமான டிஸ்னியின் கப்பல்களில் சூதாட்டக் கூடமே கிடையாது. சாப்பாட்டு மேசையிலும் மேல்தளத்திலும் குளிர்பானங்களுக்குத் தனிக் கட்டணமும் இல்லை. அப்படிப்பட்ட கப்பலில் அந்த வருமானத்தையும் டிக்கெட்டிலேயே ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே பணியாளர்களுக்கான டிப்ஸ், வைஃபை, குளிர்பானப் பாஸ், கப்பல் நிறுவனத்தின் சொந்தத் தீவில் நீர்ச்சறுக்குப் பூங்காவுக்கான கட்டணம் என்று எல்லாவற்றையும் இரு பக்கமும் எழுதிக் கூட்டிய பிறகுதான் ஒப்பிட வேண்டும். எங்கள் நோட்டில் டிக்கெட்டளவில் இரண்டு மடங்காகத் தெரிந்த வேறுபாடு, எல்லாம் கூட்டி முடித்தபோது ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே வந்து நின்றது. இடைவெளி குறைந்ததே ஒழிய மறையவில்லை.

படுக்கைக் கணக்கையும் இங்கே சொல்லிவிட வேண்டும். விளம்பரத்தில் காணும் விலை, ஒரு கேபினில் இருவர் தங்குவதாகக் கொண்டு ஒருவருக்குச் சொல்லப்படுவது. மூன்றாவது, நான்காவது ஆட்களுக்குக் கட்டணம் குறைவு, எம்.எஸ்.சி. போன்ற குரூஸ் நிறுவனங்கள் பெற்றோரின் கேபினில் தங்கும் பிள்ளைகளிடம் பல பயணங்களில் துறைமுகக் கட்டணம், வரி ஆகியவற்றை மட்டுமே வாங்குகின்றன. ஆனால் தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் ஒரு பிள்ளையை அழைத்துச் சென்றால், அந்தப் பிள்ளை இரண்டாவது ஆளாகக் கருதப்பட்டுப் பெரும்பாலும் முழுக் கட்டணமும் கட்ட நேர்கிறது. தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் மேல் விழும் இந்தச் சுமை நியாயமானதாக எனக்குத் தோன்றவில்லை.

சரி, மிஞ்சிய அந்த அரை மடங்குப் பணம் எதற்குப் போகிறது? கப்பல் விசாலமாக இருக்கும் என்பதுதான் பலரும் சொல்லும் முதல் காரணம். இதை எண்களை வைத்தே பார்த்துவிடலாம். ஒரு கப்பலின் மொத்த டன் என்பது எடை அன்று, உள்ளிடத்தின் கொள்ளளவைக் காட்டும் அளவு. அதைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவருக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று ஓரளவு தெரிந்துவிடும். 2022-இல் வந்த டிஸ்னி விஷ் கப்பல் 1,44,000 டன், 1,254 கேபின்கள். கேபினுக்கு இருவர் என்று வைத்தால் ஒருவருக்கு 57 டன் வருகிறது. 2024-இல் பயணத்தைத் தொடங்கிய ராயல் கரீபியன் நிறுவனத்தின் ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பல் 2,48,663 டன். இருவர் கணக்கில் 5,610 பயணிகள் என்பதால் ஒருவருக்கு 44 டன்தான். வேறுபாடு பெரிதாகத் தெரிகிறது. ஆனால் குடும்பங்கள் ஏறும் கப்பலில் கேபினுக்கு மூவரும் நால்வரும் தங்குவார்கள் அல்லவா? முழுமையாக நிரம்பும்போது விஷ் கப்பலில் 4,000 பேர், ஐகானில் 7,600 பேர். அப்படி வகுத்தால் ஒருபுறம் 36, மறுபுறம் ஏறக்குறைய 33. பள்ளி விடுமுறை வாரத்தில் நீச்சல் குளத்தருகே சாய்வு நாற்காலி தேடி அலைந்த எவருக்கும் இந்த எண்கள் வியப்பாக இருக்காது. இடத்துக்காக என்றால் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை என்பதே என் முடிவு.

பிறகு எதற்கு? எங்கள் மகனுக்கு நிலக்கடலை ஒவ்வாமை உண்டு. முதல் பயணத்தில் ஒவ்வோர் இரவும் வேறு மேசை, வேறு பரிமாறுபவர். ஒவ்வோர் இரவும் என் மனைவி தொடக்கத்திலிருந்து விளக்கினார். பரிமாறுபவர் உள்ளே போய்க் கேட்டு வந்தார். பசியில் பிள்ளைகள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் இரவு, கடலை கலந்த சாஸ் ஊற்றிய தட்டு ஒன்று மேசைக்கே வந்துவிட்டது. மனைவி அதை மணத்தாலேயே கண்டுகொண்டு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டதால் எதுவும் நேரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மீதி நாட்களில் அவர் ஒரு வேளைகூட நிம்மதியாக உண்ணவில்லை.

உயர்விலைக் கப்பலில் உணவகம் நாளுக்கு நாள் மாறியது. பரிமாறுபவர்கள் மட்டும் எங்களோடு கூடவே வந்தார்கள். முதல் இரவே தலைமைப் பரிமாறுபவர் ஒரு சிறிய அட்டையோடு வந்து, மறுநாள் உணவுப் பட்டியலை மனைவியிடம் காட்டி, மகனுக்கு எது வேண்டும் என்று குறித்துக்கொண்டு போனார். இரண்டாம் இரவு நாங்கள் உட்காரும் முன்பே மகனின் இடத்தில் மூடி போட்ட கோப்பையில் பால் இருந்தது. அதன் பக்கத்தில் கடலை இல்லை என்பதற்கு அடையாளமாக ஒரு சிறிய கொடி குத்திய தட்டு. மகன் அந்தக் கொடியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். கடைசி இரவில் அவனிடம் நான்கு கொடிகள் இருந்தன. என் மனைவி அந்த நான்கு இரவுகளும் சூடாக இருக்கும்போதே தன் உணவை உண்டார். பிள்ளைகள் பிறந்த பிறகு அது எவ்வளவு அரிதாகிவிட்டது என்று பெற்றோர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் பயணத்தில் விரும்பிய நேரத்துக்கு வந்து உண்ணும் முறையைத் தேர்ந்தெடுத்தது நாங்கள்தான். பல நிறுவனங்களில் நேரமும் மேசையும் நிலையாக ஒதுக்கப்படும் பழைய முறை இன்றும் இருக்கிறது. அதைக் கேட்டிருந்தால் அங்கும் ஒரே பரிமாறுபவர் கிடைத்திருப்பார், ஒவ்வாமை பற்றி முன்கூட்டியே எழுதியும் கொடுத்திருக்கலாம். எனவே நான் உயர்விலைக் கப்பலில் மிக உயர்வாக மதிக்கும் இந்த அக்கறையில் பெரும்பகுதியைக் குறைந்த விலையிலும் கேட்டுப் பெறலாம். கேட்காமலேயே கிடைத்ததற்குத்தான் நாங்கள் பணம் கொடுத்தோம். ஒவ்வாமையோ வேறு உடல்நலக் குறையோ உள்ள பிள்ளையை வைத்திருப்பவர்களுக்கு அந்தக் "கேட்காமலேயே" என்ற சொல்லின் மதிப்பு மற்றவர்களுக்கு இருப்பதைவிடப் பலமடங்கு கூடுதல்.

அடுத்து, சிறியதாகத் தோன்றினாலும் நாள்தோறும் பயன்பட்ட ஒரு வசதி. எங்கள் கேபினில் குளியலறை இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது: ஒன்றில் கழிப்பறையும் கைகழுவும் தொட்டியும், மற்றதில் குளியல் தொட்டியும் இன்னொரு கைகழுவும் தொட்டியும். தீவிலிருந்து மணலோடு திரும்பிய இரண்டு பிள்ளைகளை முக்கால் மணி நேரத்துக்குள் குளிப்பாட்டி, உடை மாற்றி, இரவு உணவுக்கு அழைத்துச் செல்ல வேண்டிய மாலையில் இந்த ஏற்பாடு எங்களை ஒரு சண்டையிலிருந்தாவது காப்பாற்றியது. ஆனாலும் இதற்கும் மாற்று உண்டு. சாதாரணக் கப்பலில் இடையே கதவு உள்ள இரண்டு கேபின்களை எடுத்தால் இரண்டு முழுக் குளியலறைகளும் தனிப் படுக்கையறையும் கிடைக்கும். எங்கள் தேதிகளுக்கு நான் பார்த்தபோது அதன் மொத்த விலை, உயர்விலைக் கப்பலின் ஒரு கேபினைவிடக் குறைவாகவே இருந்தது.

எல்லாவற்றிலும் முக்கியமானது பிள்ளைகளின் வயது. பெற்றோர் இல்லாமல் பணியாளர்களின் மேற்பார்வையில் பிள்ளைகள் விளையாடும் குழந்தைகள் கிளப்தான் இந்தக் கப்பல்களின் உயிர். அதில் சேரப் பெரும்பாலும் மூன்று வயது நிரம்பியிருக்க வேண்டும், டயப்பர் இல்லாமல் தானாகக் கழிப்பறை செல்லவும் பழகியிருக்க வேண்டும். அதற்கும் சிறிய குழந்தைகளுக்கான காப்பகத்துக்கு டிஸ்னி கப்பல்களிலும் மணிக்கணக்கில் தனிக் கட்டணம். நீச்சல் குளத்திலும் இதே நிலைதான்: அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்கள் பின்பற்றும் சுகாதார விதிகளின்படி, நீச்சலுக்கென்று விற்கப்படும் டயப்பரே அணிந்திருந்தாலும் அந்தக் குழந்தையைப் பொதுக் குளத்தில் இறக்க முடியாது, அதற்கென்று அமைத்த சிறிய நீர்த்தெளிப்பு இடத்தில் மட்டுமே விளையாட விடலாம். ஒன்றரை வயதுக் குழந்தையோடு போகிறவர்கள் எந்த வசதிக்காக அதிகமாகப் பணம் கொடுத்தார்களோ, அதன் வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கும். பெற்றோரில் ஒருவர் எப்போதும் கேபினில் இருப்பார்.

பதின்வயதினரின் நிலை இதற்கு நேர்மாறு. அவர்களுக்கு அலைச்சறுக்கும் பாறையேற்றமும் பெரிய நீர்ச்சறுக்குகளும் பிடிக்கும். ஆறு நீர்ச்சறுக்குகளும் ஏழு நீச்சல் குளங்களும் கொண்ட ஐகான் போன்ற கப்பல் அவர்களுக்கு நன்றாகவே பொருந்தும். கார்ட்டூன் பாத்திரங்கள் கைகுலுக்க வருவதற்காக அவர்கள் பெயரில் கூடுதல் பணம் கொடுப்பது வீண் என்றே நினைக்கிறேன். ஆகவே நான்கு வயது முதல் ஏறக்குறைய பத்து வயது வரை, அந்தச் சில ஆண்டுகள்தான் இந்த விலைக்கு உரிய காலம். எங்கள் மகள் அப்போது ஏழு வயதில் இருந்தாள். காலையில் கிளப்பின் கதவு திறக்கும் முன்பே போய் நிற்பாள். இரவு பத்தரைக்கு அழைக்கப் போனால், "இன்னும் கொஞ்ச நேரம் அப்பா" என்பாள். சில கப்பல்களில் இரவு பத்து மணிக்கு மேல் கிளப்புக்குத் தனிக் கட்டணம் உண்டு. எங்கள் உயர்விலைப் பயணத்தில் அது இல்லை. நானும் மனைவியும் மேல்தளத்தில் காற்றில் நடந்தபடி இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

வழித்தடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இங்கேதான் பணத்தை இழக்கிறார்கள். கூடுதல் விலை கப்பலுக்குள் கிடைப்பவற்றுக்காகக் கொடுக்கப்படுவது. நாள்தோறும் ஒரு துறைமுகத்தில் நிற்கும் மத்தியதரைக் கடல் பயணத்தில் அவற்றைப் பயன்படுத்த நேரமே இருக்காது. ரோமுக்கான துறைமுகம் என்று சொல்லப்படும் சிவிட்டவெக்கியாவிலிருந்து ரோம் நகரம் ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். காலையில் இறங்கி, வெயிலில் அலைந்து, மாலையில் திரும்பும் பிள்ளைகள் சாப்பாட்டு மேசையிலேயே தூங்கிவிடுவார்கள். அத்தகைய பயணத்துக்கு மலிவான கப்பலே போதும். மாறாக, கடலிலேயே கழியும் நாள் ஒன்றும் நிறுவனத்தின் சொந்தத் தீவில் ஒரு நாளும் உள்ள வழித்தடத்தில் ஒவ்வொரு மணி நேரமும் பயன்படும். மூன்று இரவுப் பயணத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்: முதல் நாள் பிற்பகலில் ஏறி, கடைசி நாள் காலைச் சிற்றுண்டியோடு இறங்கிவிடுவதால் முழுமையாகக் கிடைப்பவை இரண்டே நாட்கள்.

புதிய கப்பலுக்கென்று வாங்கும் விலையும் தேவையற்றது. அதே நிறுவனத்தின் பழைய கப்பலிலும் உணவும் கிளப்பும் பணியாளர்களின் பழக்கமும் அதே முறையில்தான் இருக்கும். கடைசித் தவணை கட்டும் தேதிக்கு முன் விலை இறங்கினால், புதிய விலைக்கு மாற்றித் தரும்படி கேட்கவும் தயங்க வேண்டாம்.

தங்கையிடம் இந்த ஆண்டு வேண்டாம் என்று சொன்னேன். இன்னும் இரண்டரை ஆண்டுகளில் மகனுக்கு நான்கு வயது நிரம்பும், மகளுக்கு எட்டரை. இருவரும் ஒரே கிளப்பில் சேரலாம். அதுவரை அந்தப் பணத்தைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டு, பழைய கப்பலில் ஐந்து இரவு, கடலில் ஒரு நாளாவது உள்ள பயணமாகத் தேடச் சொன்னேன். சில நொடிகள் யோசித்துவிட்டு, "பால்கனி வேண்டுமா அண்ணா?" என்று கேட்டாள். பிள்ளைகளோடு போகும்போது பால்கனிக் கதவைத் தாழிட்டே வைக்க வேண்டியிருக்கும், ஜன்னல் உள்ள கேபினே போதும் என்றேன். ஆனால் அதைவிட மலிவான, ஜன்னலே இல்லாத உட்புறக் கேபின்கள் சிலவற்றில் குளியலறை இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்காது. பணம் கட்டும் முன் கேபினின் வரைபடத்தைப் பார்த்து அதை மட்டும் உறுதி செய்துகொள் என்று சொல்லியிருக்கிறேன்.